காற்றுத் துப்பாக்கியும் கருப்பட்டித் துண்டும்

மலைநாட்டு வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிக்கடி அடிபடுகிறது: எயார் ரைபிள். காற்றுத் துப்பாக்கி என்று தமிழில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எயார் ரைபிள் என்றால் சின்னப் பிள்ளைகளும் எழுந்து உட்காருகிறார்கள். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் குரங்கை விரட்ட அது வேண்டும் என்கிறார்கள். பயிரை அழிக்கும் விலங்குகளை விரட்ட விவசாயிகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்ற பேச்சு நாட்டிலும் பல தடவை எழுந்துவிட்டது. இளைஞர்களின் கனவு வேறு. காட்டுக்குள் தனியே தங்கி, முயலோ அணிலோ சுட்டு, நெருப்பில் வாட்டித் தின்னும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தங்களாலும் அப்படி வாழ முடியும் என்று நம்புகிறார்கள்.

ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளும் அந்தக் கனவு வந்தது. நானாவும் மாமாவின் மக்கள் இருவரும் குருவிட்ட, எரத்ன பாதையால் பாவாதமலைக்கு ஏறத் திட்டமிட்டார்கள். நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளைப் போலன்றி, அது நீண்ட நேரம் காட்டுக்குள்ளால் போகும் பாதை. வழி தவறி இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, ஓர் எயார் ரைபிள் இருந்தால் காட்டுக்கோழியாவது சுடலாமே என்பது நானாவின் வாதம். வாப்பா மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "விலை இருக்கட்டும் மகன். அது பிரயோசனமான சாமானா இல்லையா எண்டு முதல்ல பாருங்க. தங்கச்சி பௌதிகவியல் படிக்கிறாதானே, அவகிட்டயும் கேளுங்க" என்றார். அப்படித்தான் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்தது. அந்த விடுமுறையில் வாசித்ததையும் கேட்டறிந்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். வெடிமருந்துத் துப்பாக்கியில் மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுகிறது. எயார் ரைபிளில் அந்த வேலையைச் செய்வது அமுக்கப்பட்ட காற்று. சாதாரண வகையில் குழலை நடுவே மடக்கித் திறக்கும்போது உள்ளேயுள்ள சுருள்வில் அமுங்குகிறது. விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். நெருங்கிய காற்று சின்ன ஈயக் குண்டைக் குழலால் வெளியே துரத்தும். இன்னொரு வகையில் சிறிய உருளையில் அடைத்த காபனீரொட்சைட்டு அந்த வேலையைச் செய்கிறது. குளிர் கூடும்போது அவ்வுருளையின் அமுக்கம் குறையும் என்பதால், தை மாதத்தில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாவுக்கு அது பொருந்தாது. மூன்றாவது வகையில் விசேட பம்பியால் காற்றை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள். அதன் அமுக்கம் கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. பம்பி பழுதானால் அந்தத் துப்பாக்கி வெறும் கைத்தடிதான்.

குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர் அல்லது 5.5 மில்லிமீற்றர். சிறிய குண்டின் நிறை சுமார் அரைக் கிராம். அது செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், இயக்கசக்திச் சமன்பாட்டில் பிரதியிட 14.4 ஜூல் வருகிறது. ஒரு கிலோ சீனிப் பொதியை ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து கைவிட்டால் தரையில் மோதும் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவுதான். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் எல்லையும் 16 ஜூலுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. வேட்டைக்காரர் தூக்கும் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் சக்தி இதைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

சக்தி குறைவு என்பதால் அது விளையாட்டுச் சாமான் என்று ஆகிவிடாது. அத்தனை சக்தியும் ஒரு மிளகளவு இடத்தில் இறங்குகிறது. தோலைத் துளைக்கும், கண்ணைக் குருடாக்கும். இங்கிலாந்தின் வயல் ஓரங்களில் பயிற்சி பெற்றவர்கள் இருபது, முப்பது மீற்றர் தூரத்தில் முயலையும் மாடப்புறாவையும் இதனால் வீழ்த்துகிறார்கள். அதிகச் சத்தமில்லை. குண்டும் பாரமில்லை, ஐந்நூறு குண்டுகள் கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். நானா சொன்ன இந்த நன்மைகளையெல்லாம் நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த மனிதர்கள் குறி வைப்பது தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவான ஓர் இடத்துக்கு. அந்த நாணயத்தைத் தவறவிட்டால் விலங்கு சாகாது. காயத்தோடு ஓடிப் புதருக்குள் மறையும். அதற்கு வேதனை, சுட்டவருக்குப் பட்டினி.

அடுத்தது எங்கள் காடு. காணொளியில் வருவது இலையுதிர்ந்த மரங்களும் திறந்த வெளியும். எங்கள் மலைக்காட்டில் பத்து மீற்றருக்கு அப்பால் மூங்கிலும் கொடியும் பாசி பிடித்த கிளைகளும் மறைத்துக்கொள்ளும். பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கும். காட்டுக்கோழியின் குரலைக் காலையில் பத்துத் தடவை கேட்கலாம், ஆனால் ஒரு தடவை காண்பதற்கே அதிர்ஷ்டம் வேண்டும். அது நம் நாட்டின் தேசியப் பறவை என்பதும் நினைவில் இருக்கட்டும். மலையைச் சுற்றிய சிகரவனக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் காடும் சேர்ந்து 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவுக்குள் விலங்கொன்றைச் சுடுவது குற்றம். ஆகவே நானா நினைத்த காடு எதுவோ, அங்கே துப்பாக்கியோடு நுழைவதே முதல் தவறாக முடியும்.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். உண்மையாகவே ஒருவர் வழி தவறிவிட்டார் என்றே கொள்வோம். அவருடைய முதல் எதிரி பசி அல்ல. எங்கள் மலையில் மனிதனை முதலில் வீழ்த்துவது ஈரமும் குளிரும். நனைந்த உடையோடு, காற்று அடிக்கும் முகட்டில் ஓர் இரவு இருந்தால் உடல் வெப்பம் இறங்கிவிடும். அடுத்த ஆபத்து பதற்றம். ஆற்றோடு இறங்கினால் ஊர் வரும் என்று சமவெளியில் சொல்லலாம். இங்கே ஆற்றோடு இறங்கினால் நீர்வீழ்ச்சியின் உச்சியில் போய் நிற்க நேரும். உணவு இல்லாமல் ஆரோக்கியமான ஒருவர் பல நாள் உயிரோடு இருக்க முடியும். நோன்பு பிடித்துப் பழகிய நமக்கு ஒரு பகல் பசி என்ன என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

உணவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்து முயல் இரண்டு கிலோ இருந்தால், தோலும் எலும்பும் குடலும் போக ஒரு கிலோ இறைச்சி தேறும். அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 1,100 கிலோகலோரி. மலையில் ஏறி இறங்கும் ஓர் இளைஞருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது அதைப் போல இரு மடங்குக்கு மேல். அதிலும் முயல் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டும் நாட்கணக்காகத் தின்றவர்கள் வயிறு நிறைந்தும் நோயாளிகளாகித் தளர்ந்து போனதை, வட துருவப் பகுதியில் வாழ்ந்த ஆய்வுப் பயணி ஸ்டீபன்சன் எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலைக்கு 'முயல் பட்டினி' என்றே பெயர். முயலுக்காகப் புதருக்குள் பதுங்கிக் கிடக்கும் நேரமும் நனைந்து நடுங்கும் சக்தியும் இந்தக் கணக்கில் வரவில்லை. அதேவேளை 300 கிராம் கித்துள் கருப்பட்டி ஏறத்தாழ ஒரு முயலுக்குச் சமமான சக்தியைத் தருகிறது. அதைச் சுடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பையின் ஓரத்தில் வைத்தால் போதும்.

காற்றுத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்கள் வரலாற்றில் இல்லாமலில்லை. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ், கிளார்க் குழுவிடம் ஒன்று இருந்தது. அது அவுஸ்திரிய இராணுவம் பாவித்த ஜிராண்டோனி வகை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் காற்றறையை நிரப்பச் சுமார் 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டும். அந்தக் குழு மானும் எருமையும் சுட்டுத் தின்றது வெடிமருந்துத் துப்பாக்கிகளால். காற்றுத் துப்பாக்கியைப் பெரும்பாலும் வழியில் சந்தித்த பூர்வீக மக்களுக்கு வேடிக்கை காட்டவே லூயிஸ் எடுத்தார். பயணம் தொடங்கிய நாட்களிலேயே, வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கையில் அது தவறி வெடித்து, தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டைக் கிழித்தது. அந்தப் பெண் பிழைத்தார்.

இனி நமக்கே உரிய கேள்வி. சுட்டு வீழ்த்தியதை நாம் சாப்பிடலாமா? விடுதியில் எங்களுக்கு இஸ்லாம் கற்பிக்கும் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் இரண்டு ஹதீஸ்களை எடுத்துச் சொன்னார். முதலாவது அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டைத் தடியைப் பற்றிக் கேட்டது. கூர்முனை பட்டுத் துளைத்து இறந்ததை உண்ணலாம், தடியின் அகலப் பக்கம் பட்டு அடியினால் இறந்தது ஆகாது என்பது அதன் கருத்து. அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்கியவற்றில் அடிபட்டுச் செத்ததும் ஒன்று. இதன் அடிப்படையில் களிமண் உருண்டை எறிந்து கொன்ற பறவையை நம் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் அனுமதிக்கவில்லை. வெடிமருந்துத் துப்பாக்கி வந்த பிறகு, குண்டு ஊடுருவிச் செல்வதால் ஆகும் என்று சொன்ன அறிஞர்களும் உள்ளனர். இமாம் ஷவ்கானி அவர்களில் ஒருவர். "இந்தச் சிறு குண்டு துளைத்துக் கொன்றதா, அடித்துக் கொன்றதா எண்டு காட்டுக்குள்ள நிண்டு யார் தீர்ப்புச் சொல்ற? உயிரோட கையில கிடைச்சா பிஸ்மி சொல்லி அறுங்க. செத்துக் கிடந்தா விட்டுடுங்க. பேணுதல் அதுதான் மகள்" என்றார் ஆசிரியை.

இரண்டாவது ஹதீஸ் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. விரலிடையில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவித்தது அது. அந்தக் கல் வேட்டைப் பிராணியையும் கொல்லாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நான் பௌதிகவியல் கொப்பியில் அரைப் பக்கம் கணக்குப் போட்டு அடைந்த முடிவு அதில் ஏற்கெனவே இருந்தது. பயன் சிறிது, காயம் பெரிது. ஒரு கருவியை எடைபோட இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"நிர்ப்பந்தம் எண்டு வந்தா எல்லாம் ஆகும்தானே?" என்று நானா கேட்டார். ஆம், அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உயிர் போகும் நிலையில், விருப்பத்தாலன்றியும் எல்லை மீறாமலும் உண்பவர் மீது குற்றமில்லை. ஆனால் நிர்ப்பந்தம் என்பது நம்மை வந்து பிடிக்கும் ஒன்று. டிக்கட் எடுத்துப் போகும் ஊர் அல்ல. சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்பும் பயணத்துக்கு அதை முன்கூட்டியே பைக்குள் வைத்துக் கட்ட முடியாது.

பாவாதமலைப் பாதையில் பசித்தவர்களின் கதை ஒன்றை இப்னு பதூதா சொல்லியிருக்கிறார். அவர் 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து அந்த மலையில் ஏறியவர். தமக்கு முன்னே சென்ற ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் என்ற ஷீராஸ் நகரத்துப் பெரியாரைப் பற்றி அவர் எழுதுகிறார். ஷைகோடு முப்பது பேரளவில் பக்கீர்கள் இருந்தார்கள். வழி தவறினார்கள், பசி தாங்கவில்லை. யானைக்குட்டி ஒன்றைப் பிடித்துத் தின்ன அனுமதி கேட்டார்கள். ஷைகு தடுத்தார். அவர்கள் கேட்காமல் பிடித்து அறுத்துத் தின்றார்கள். ஷைகு தின்னவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷைகை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டன. ஒரு யானை அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து மனிதர் வாழும் இடத்தில் இறக்கிவிட்டதாம். இது வரலாறா, பயணிகள் வாய்வழிக் கதையா என்பதற்குள் நான் போகவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காட்டில் பசியும் வழிதவறலும் வேட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசப்பட்டிருக்கின்றன என்பதே எனக்கு வியப்பு. கதையில் பிழைத்தவர் எதையும் வேட்டையாடாதவர்.

எயார் ரைபிள் நல்லது எதையும் செய்ததே இல்லையா? ஒரு பறவையியல் அறிஞரை அது உருவாக்கியது என்று சொல்லலாம். 1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, பெற்றோரை இழந்து மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக எயார் கன்னால் சிட்டுக்குருவிகளைச் சுடுவார். அவை ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டுச் சமையலறைக்குப் போகும். ஒரு நாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது வேறு பறவைபோல் இருக்கிறதே, இதை முஸ்லிம்கள் சாப்பிடலாமா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு, சங்கத்தின் பறவைத் தொகுப்பையும் அந்தச் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் பெரும் பெயர் பிறந்தது அங்கேதான். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரிலும் வீழ்ந்த குருவிதான் இருக்கிறது. இதைச் சொன்னதும் நானா, "பாத்தீங்களா, எயார் ரைபிள் வாங்கிக் குடுத்தா நானும் அறிஞராகலாம்" என்றார். வீடே சிரித்தது. ஆனால் அந்தச் சிறுவனை உயர்த்தியது, இதைச் சாப்பிடலாமா, இது என்ன என்று நின்று கேட்ட கேள்வி.

அப்படிக் கேட்காமல் ஒரு மாநிலமே சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடகிழக்கு இந்தியாவின் அருணாசலப் பிரதேசம் உதாரணம். அங்கே காட்டோரக் கிராமங்களில் எயார் கன் சாதாரண வீட்டுச் சாமான். அணிலும் சிறு பறவைகளும் கறிக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் சுடப்பட்டன. காடு இருந்தது, குரல் குறைந்தது. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்துங் கிராமத்தில் அம்மாநிலச் சுற்றாடல், வனத்துறை அமைச்சர் மாமா நதுங் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். எயார் கன்களை மனமுவந்து ஒப்படையுங்கள் என்பதே அழைப்பு. தொடக்க நாளில் அந்தக் கிராமத்தார் 46 துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் முழுவதும் 1,600க்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. சிறு பிராணிகளைச் சுட எயார் கன் போதுமா என்று கேட்டால், ஒரு காட்டை மௌனமாக்கப் போதும் என்பது அருணாசலத்தின் அனுபவம். மாட்டிக்கொண்ட ஒரு மனிதனைக் காப்பாற்றப் போதாத அதே கருவி, ஆயிரம் கைகளில் நாள்தோறும் இருந்தால் குருவி மிஞ்சாது.

உணவுக்காக என்ற வாதத்தை நானா அத்தோடு விட்டார். ஆனால் குரங்குக்காவது உதவும்தானே என்றார். இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் தேயிலை மலை, அதற்குக் கீழே லயம். அங்கேயிருக்கும் ஆயா ஒருவர் கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெற்றவர். லயத்தின் பின்பக்கம் போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். அந்த நாலு பாத்திதான் வீட்டுக் கறிக்கும் பேரப்பிள்ளையின் கொப்பி, பென்சிலுக்கும். சிங்களத்தில் ரிலவா என்று சொல்லும் குரங்குக் கூட்டம் ஒரு காலைப்பொழுதில் இறங்கினால் மூன்று மாத உழைப்பு போய்விடும். "குரங்கும் உயிர்தானே" என்று கொழும்பில் இருந்து சொல்வது சுலபம். பாத்தியின் ஓரத்தில் நின்று சொல்வது கஷ்டம்.

இந்தப் பிரச்சினைக்கு நாடு தேடிய வழிகளும் விசித்திரமானவை. 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, நாடு முழுவதும் மக்கள் தத்தமது காணியில் நின்று குரங்கு, மர அணில், மயில் என்பவற்றை எண்ணினார்கள். ரிலவா உலகில் இலங்கையில் மட்டுமே இருக்கும் இனம். அதிலும் நுவரெலியா உயர்நிலத்தில் வாழ்வது அடர்ந்த உரோமம் கொண்ட தனிக் கிளையினம்.

ஆயாவிடம் எயார் ரைபிளைப் பற்றிக் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வைத்திருக்கிறார்களாம். "சுட்டா ஓடும் பாப்பா. அன்னைக்கு ஓடும். நாலு நாள் கழிச்சு நொண்டிக்கிட்டு வரும். நொண்டிக் கொரங்கால மரத்துல தாவிப் பறிக்க முடியுமா? நேரா நம்ம பாத்திக்குத்தான் வரும். நல்ல கொரங்க வெரட்டலாம், நொண்டிக் கொரங்க வெரட்ட முடியாது" என்றார். அவர் காட்டிய குரங்கை நானும் பார்த்தேன். இடது கை தோளிலிருந்து தொங்கியது. ஒற்றைக் கையால் போஞ்சிக் கொடியை இழுத்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டோம். அது எங்களைப் பார்த்தது, ஆனால் போகவில்லை.

நானாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கம்பிச் சுருக்கு வைப்பதைவிட எயார் ரைபிள் மேல் என்றார். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் இலங்கையில் மிக அரிதான கரும்புலி ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவலவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக்கு ஆள் பார்க்கத் தெரியாது. துப்பாக்கி பிடிப்பவருக்காவது கண் இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தீமைகளில் சிறியதைக் காட்டிப் பெரிய நன்மை என்று விற்க முடியாது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்பே கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டிருந்தது. அன்றிலிருந்து முகடுகளிலும் ஓடை ஓரங்களிலும் மிஞ்சிய துண்டுக் காடுகளில் குரங்கு ஒதுங்கியது. லயத்துக்குப் பின்னால் கிடைத்த சிறு துண்டு மண்ணில் மனிதர் ஒதுங்கினார்கள். ஒதுக்கப்பட்ட இரண்டு கூட்டங்கள் நாலு பாத்திக்காகச் சண்டையிடுகின்றன. அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தின் கையில் எயார் ரைபிளைக் கொடுப்பதால் எல்லை மாறாது. ஆயாவின் லயத்தில் இப்போது ஆறு வீட்டார் முறை வைத்துக் காலையில் காவல் இருக்கிறார்கள். குப்பையைத் திறந்து கொட்டாமல் புதைக்கிறார்கள். பழைய மீன் வலையைப் போஞ்சிக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். முழுத் தீர்வு இல்லைதான். போன போகத்தில் பாதிக்கு மேல் கையில் கிடைத்தது என்றார் ஆயா.

தோழியரே, மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் உங்களில் பலரும் காட்டுப் பாதைகளில் நடக்கப் போகிறீர்கள். உங்கள் நானாமாரும் தம்பிமாரும் வருவார்கள். அவர்களின் பையில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு விசில், டோர்ச், பொலித்தீன் விரிப்பு, நனையாமல் சுற்றிய தீப்பெட்டி, ஒரு மாற்று உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், ஒரு பெரிய கருப்பட்டித் துண்டு. வழி தவறினால் அலையாமல் ஓர் இடத்தில் நின்று மூன்று மூன்று தடவையாக விசில் ஊதுங்கள். எங்கள் மலையில் காடு முடியும் இடத்தில் அநேகமாகத் தேயிலை தொடங்கும். காலையில் பெரட்டுக்களத்துப் பேச்சுக் குரலும் ஃபெக்டரிச் சங்கும் தூரம் வரை கேட்கும். அந்தத் திசையில் மனிதர் இருக்கிறார்கள். விடியும்வரை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

புறப்படும் முன் எந்தப் பாதையால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தவறினால் தேடி வரப்போவது அவர்தான்.